கீன்ஸ் கண்ட ஐரோப்பா

பொருளியல் பயிலும் மாணவர் அனைவரும் அறிந்த பெயர் ஜான் மேனார்டு கீன்ஸ். நுகர்வுச் சார்பு, பெருக்கி, விளைவுத் தேவை என்று தேர்வுக்காக நாம் உருப்போடும் கருத்துகள் பலவும் அவர் பெயரோடு ஒட்டியே வருகின்றன. வரைபடங்களிலும் சமன்பாடுகளிலும் மட்டுமே அவரைச் சந்தித்துப் பழகிவிட்ட நமக்கு, அக்கருத்துகள் எங்கிருந்து எழுந்தன என்பது எளிதில் புலப்படுவதில்லை. பசியாலும் வேலையின்மையாலும் கடனாலும் அல்லலுற்ற ஐரோப்பாவைக் கண்ணெதிரே கண்ட ஒருவரின் சிந்தனைகள் அவை.

கீன்ஸ் பிறந்த காலத்தில் ஐரோப்பா உலகிற்கே கடன் கொடுத்த கண்டமாக விளங்கிற்று. அவர் மறைந்த காலத்தில் அதே ஐரோப்பா அமெரிக்காவின் வாயிலில் கடனுக்காகக் காத்து நின்றது. அறுபத்திரண்டு ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றத்தை அருகிலிருந்து கண்டவர் அவர். மாறிவிட்ட உலகில் பழைய கணக்கைப் பழைய முறையிலேயே தீர்க்க முயன்றால், கடனாளி மட்டுமன்றிக் கடன் கொடுத்தவனும் கெடுவான் என்பதே அவர் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்திய உண்மை. அவ்வுண்மையை அவர் எவ்வாறு கண்டார், அதற்காக எங்கெங்கே போராடினார், எங்கே தோற்றார் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

கீன்ஸ் 1883ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். கார்ல் மார்க்ஸ் மறைந்ததும் அதே ஆண்டில்தான். தந்தையார் ஜான் நெவில் கீன்ஸ் அளவையியலிலும் பொருளியலிலும் வல்லுநர்; கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் பணியாற்றியவர். அன்னையார் ஃபிளாரன்ஸ் அடா சமூகப் பணியில் ஈடுபட்டு, 1932இல் அந்நகரின் மேயராகவும் அமர்ந்தவர். கற்றோர் கூடிப் பேசும் இல்லத்தில் வளர்ந்த மூத்த மகனுக்கு அறிவு தேடி அலையும் நிலை ஏற்படவில்லை.

உதவித்தொகை பெற்று 1897இல் ஈட்டன் பள்ளியில் சேர்ந்த கீன்ஸ், 1902இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி மாணவரானார். அவர் முதலில் பயின்றது பொருளியல் அன்று, கணிதம். 1905இல் கணிதத் தேர்வில் பன்னிரண்டாம் இடம் பெற்றுத் தேறினார். பின்னரே பேராசிரியர் ஆல்பிரட் மார்ஷலிடம் சிறிது காலம் பொருளியல் கற்றார். 1906இல் ஆட்சிப் பணித் தேர்வு எழுதி நாட்டிலேயே இரண்டாமிடம் பெற்றார். அத்தேர்வில் பொருளியலில் அவர் பெற்ற மதிப்பெண் அவர் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு என்பது நம் மாணவ நண்பர்கள் நினைவில் வைக்கத்தக்க செய்தி.

அத்தேர்வில் முதலிடம் பெற்றவர் ஓட்டோ நீமெயர் என்பவர். அவர் விரும்பியபடி பிரிட்டிஷ் நிதித்துறையில் சேர்ந்தார். இரண்டாமிடம் பெற்ற கீன்ஸுக்கு இலண்டனிலிருந்த இந்திய அலுவலகமே கிடைத்தது. இவ்விருவரும் பிற்காலத்தில் ஒரு பெரிய வழக்கில் எதிரெதிர் அணியில் நிற்க நேர்ந்ததைப் பின்னர்க் காண்போம்.

இந்திய அலுவலகத்தில்

இந்திய அலுவலகத்தில் கீன்ஸ் இரண்டாண்டுகளே இருந்தார். அங்கு அவருக்குக் கிடைத்த தொடக்கப் பணிகளுள் ஒன்று, அயர்ஷயர் இனக் காளைகள் பத்தினைக் கப்பலேற்றிப் பம்பாய்க்கு அனுப்புவதாகும். கோப்புகளைப் பார்ப்பதில் சலிப்புற்ற அவர், மார்ஷலின் அழைப்பை ஏற்று 1908இல் கேம்பிரிட்ஜுக்கு ஆசிரியராகத் திரும்பினார். 1909இல் கிங்ஸ் கல்லூரியின் ஆய்வறிஞராகவும், 1911இல் ‘எக்கனாமிக் ஜர்னல்’ என்னும் புகழ்பெற்ற ஆய்விதழின் ஆசிரியராகவும் ஆனார். அவ்விதழை முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார்.

எனினும் இந்திய அலுவலக வாழ்வு வீண்போகவில்லை. 1913இல் அவர் வெளியிட்ட முதல் நூல் இந்தியாவின் நாணயமும் நிதியும் பற்றியது. நாட்டிற்குள் வெள்ளி ரூபாய் வழங்க, வெளிநாட்டுக் கணக்கை மட்டும் இலண்டனில் ஸ்டெர்லிங் வாயிலாகத் தீர்க்கும் நம் நாட்டு முறையை அவர் ஆராய்ந்தார். பொன் நாணயம் மக்கள் கையில் புழங்கினால்தான் ஒரு நாட்டின் பணம் உறுதியாக இருக்கும் என்ற பழைய எண்ணம் தவறு என்பதை அவர் உணர்ந்தது இந்தியாவைப் பார்த்துத்தான். ஆனால் இந்தியாவை ஒருமுறையேனும் நேரில் கண்டவர் அல்லர். ஏடுகளின் வழியாக மட்டுமே நம்மை அறிந்தார் என்பதை மறந்துவிடலாகாது.

பாரிஸ் மாநாடு

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. மறு ஆண்டே கீன்ஸ் நிதித்துறைக்கு அழைக்கப்பெற்றார். போருக்கு வேண்டிய டாலரைத் திரட்டுவதும், நேச நாடுகளுக்குக் கடன் வழங்குவதும் அவர் பொறுப்பாயின. போர் தொடங்கியபோது பிரிட்டன் உலகின் பெரும் கடனீந்தோன். போர் முடிந்தபோது அமெரிக்காவிடம் கடன்பட்ட நாடு. உலகப் பொருளாதாரத்தின் தலைநகரம் இலண்டனிலிருந்து நியூயார்க்குக்கு இடம் பெயர்ந்ததை, மற்றவர்கள் உணருமுன்பே கணக்கேடுகளில் கண்டவர் அவர்.

1919இல் பாரிஸ் நகரில் சமாதான மாநாடு கூடியது. அமெரிக்காவின் வில்சன், பிரான்சின் கிளெமான்சோ, பிரிட்டனின் லாயிட் ஜார்ஜ் ஆகிய மூவரும் உலக வரைபடத்தைத் திருத்தி எழுதினர். பிரிட்டிஷ் நிதித்துறையின் தலைமைப் பிரதிநிதியாகக் கீன்ஸ் அங்கு அமர்ந்திருந்தார். அப்போது வயது முப்பத்தைந்தே.

போர் ஓய்ந்த பின்னும் ஜெர்மனியின் மீதான கடல் முற்றுகை நீடித்தது. குழந்தைகள் பாலின்றி வாடினர். ஜெர்மன் கப்பல்களையும் பொன்னையும் பெற்றுக்கொண்டு உணவை உள்ளே விடுவதற்கான பேச்சுவார்த்தையில் கீன்ஸ் பங்கேற்றார். எதிர்த்தரப்பில் அமர்ந்த ஹாம்பர்க் வங்கியாளர் கார்ல் மெல்கியோர் என்பவரின் நேர்மை அவர் உள்ளத்தைத் தொட்டது. பகைவர் என்று எண்ணியவர் நண்பரானார்.

மாநாட்டில் எழுந்த பெரிய கேள்வி, தோற்ற ஜெர்மனி எவ்வளவு ஈட்டுத்தொகை செலுத்த வேண்டும் என்பது. வென்ற நாடுகளின் அரசியல் தலைவர்கள் தேர்தல் மேடைகளில் மக்களுக்கு வாக்களித்துவிட்டு வந்திருந்தனர். எவ்வளவு கேட்டால் கைத்தட்டல் கிடைக்கும் என்று அவர்கள் பார்த்தனர். எவ்வளவு கேட்டால் கிடைக்கும் என்று கீன்ஸ் பார்த்தார். ஏறத்தாழ 200 கோடி பவுண்டுக்கு மேல் ஜெர்மனியால் செலுத்த இயலாது என்பது அவர் கணிப்பு. அவர் சொல் அம்பலம் ஏறவில்லை. 1919 ஜூன் திங்களில் பதவியைத் துறந்து வெளியேறினார்.

அவ்வாண்டுக் கோடையில் சசெக்ஸ் சிற்றூர் ஒன்றில் அமர்ந்து, சமாதானத்தின் பொருளாதார விளைவுகளைப் பற்றி நூலொன்று எழுதினார். டிசம்பரில் அது வெளிவந்தது. ஓராண்டுக்குள் ஓர் இலட்சம் படிகளுக்கு மேல் விற்றுப் பல மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. முப்பத்தாறு வயதில் அவர் உலகறிந்தவரானார்.

அந்நூலின் கருத்து எளியது. போருக்கு முன் ஐரோப்பா நாடு நாடாகப் பிரிந்து கிடந்தாலும் பொருளாதாரத்தில் ஒரே உடலாக இயங்கிற்று. ஜெர்மனியின் நிலக்கரியும் இரும்பும் அதன் நடு எலும்பு. ரஷ்யா, நார்வே, ஹாலந்து, பெல்ஜியம், இத்தாலி முதலிய நாடுகள் பலவற்றிற்கும் ஜெர்மனியே தலைசிறந்த வாடிக்கையாளர். அத்தகைய ஜெர்மனியின் நிலக்கரியையும் கப்பல்களையும் பறித்துக்கொண்டு, பணத்தையும் கேட்டால் அது எங்கிருந்து வரும்? ஒரு நாடு மற்றொரு நாட்டிற்குப் பணம் செலுத்த வேண்டுமெனில் இறக்குமதியைவிட மிகுதியாக ஏற்றுமதி செய்தாக வேண்டும். அந்தச் சரக்குகளை வாங்க வென்ற நாடுகளே அணியமாக இல்லை. மேலும், ஐரோப்பாவின் பெருகிய மக்கட்தொகை அமெரிக்கக் கோதுமையை நம்பி வாழ்ந்தது. அக்கோதுமை முன்போல் மலிவாகக் கிடைக்கும் காலம் போய்விட்டது. ஆகவே ஈட்டுத்தொகையைக் குறைக்க வேண்டும், நேச நாடுகள் தமக்குள் பட்ட போர்க்கடன்களைத் தள்ளிவிட வேண்டும், ஐரோப்பிய நாடுகளிடையே தடையற்ற வாணிப ஒன்றியம் ஒன்று அமைக்க வேண்டும் என்று அவர் வழி கூறினார்.

எவரும் கேட்கவில்லை. 1921இல் ஈட்டுத்தொகை 13,200 கோடி பொன் மார்க்கு என அறிவிக்கப்பட்டது. தவணை தவறியதால் 1923 ஜனவரியில் பிரெஞ்சுப் படையும் பெல்ஜியப் படையும் ரூர் நிலக்கரிப் பகுதிக்குள் புகுந்தன. ஜெர்மன் அரசு நோட்டுகளை அச்சடித்துத் தள்ளிற்று. அவ்வாண்டு நவம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4,20,000 கோடி மார்க்கு கொடுக்க வேண்டியதாயிற்று. வாழ்நாள் முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த நடுத்தரக் குடும்பத்தார் ஒரே ஆண்டில் ஓட்டாண்டிகளாயினர். அந்தக் கசப்பில்தான் பின்னாளைய கொடுங்கோன்மையின் விதை முளைவிட்டது.

ஜெர்மனி மனம் வைத்திருந்தால் செலுத்தியிருக்கலாம் என்றும், கீன்ஸின் நூல் வென்ற நாடுகளின் உறுதியைக் குலைத்துவிட்டது என்றும் மறுத்து எழுதியோரும் உண்டு. பிரெஞ்சு இளம் அறிஞர் எட்டியென் மாண்டூ அவர்களுள் முதன்மையானவர். இரண்டாம் உலகப் போரின் இறுதி நாள்களில் களத்தில் மடிந்த அவரது நூல் 1946இல் வெளிவந்தது. இவ்வழக்கு இன்றும் முற்றாகத் தீர்ந்தபாடில்லை.

பொன் விலங்கு

போருக்கு முன் ஒரு பவுண்டின் மதிப்பு 4.86 டாலராக இருந்தது. அதற்கு ஈடாகப் பொன் கிடைக்கும் என்ற உறுதியே இலண்டனின் பெருமை. போர்க்காலத்தில் அவ்வுறுதி குலைந்தது. மீண்டும் பழைய மதிப்பிலேயே பொன் திட்டத்திற்குத் திரும்பினால்தான் நாட்டின் மானம் நிலைக்கும் என்று வங்கியாளர்களும் அதிகாரிகளும் எண்ணினர். அவர்களுக்கு வழிகாட்டி நின்றவர்களுள் ஒருவர் நிதித்துறையின் உயர் அதிகாரியாகிவிட்ட ஓட்டோ நீமெயர். எதிரணியில் நின்றவர் கீன்ஸ்.

அன்றைய நிதியமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில். முடிவெடுக்குமுன் 1925 மார்ச்சில் இருதரப்பாரையும் ஒரு விருந்துக்கு அழைத்து வாதங்களைக் கேட்டார். இறுதியில் அதிகாரிகளின் சொல்லே வென்றது. 1925 ஏப்ரலில் பிரிட்டன் பழைய மதிப்பிலேயே பொன் திட்டத்திற்குத் திரும்பிற்று.

கீன்ஸ் உடனே எழுதுகோலை எடுத்தார். பவுண்டின் மதிப்பு நூற்றுக்குப் பத்து அளவு கூடுதலாக வைக்கப்பட்டுவிட்டது. ஆகவே பிரிட்டிஷ் நிலக்கரியும் துணியும் அயல்நாட்டுச் சந்தையில் விலை கூடிவிடும். அதைச் சரிக்கட்ட முதலாளிகள் கூலியைக் குறைப்பார்கள். இலண்டன் வங்கிகளின் பெருமைக்காகச் சுரங்கத் தொழிலாளி வயிற்றைக் கட்ட வேண்டியிருக்கும் என்று எச்சரித்தார். அவ்வாறே நடந்தது. சுரங்க முதலாளிகள் கூலிக் குறைப்பை அறிவித்தனர். 1926 மே 3 முதல் 12 வரை நாடு தழுவிய பொது வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. அது ஓய்ந்த பின்னும் சுரங்கத் தொழிலாளர்கள் பல திங்கள் பட்டினியோடு போராடி, முடிவில் குறைந்த கூலிக்கே பணிக்குத் திரும்பினர்.

இங்கு மாணவர்கள் கவனிக்க வேண்டிய கருத்து ஒன்று உண்டு. நாணய மாற்று வீதம் என்பது ஏட்டில் எழுதும் எண் மட்டுமன்று. அதைத் தவறாக நிர்ணயித்தால் தண்டனை பெறுபவன், அந்த எண்ணை நிர்ணயித்தவன் அல்லன். அதைப் பற்றி ஏதுமறியாத கூலித் தொழிலாளியே. கீன்ஸின் பொருளியலில் இந்த அறச்சீற்றம் அடிநாதமாக ஒலித்துக்கொண்டே இருந்தது.

கலைஞரும் செல்வரும்

கீன்ஸ் வறட்டு அறிஞர் அல்லர். இலண்டன் புளூம்ஸ்பரி பகுதியில் கூடிய எழுத்தாளர், ஓவியர் குழுவில் அவரும் ஒருவர். நாவலாசிரியை வர்ஜீனியா உல்ஃப் அவர் தோழியரில் ஒருவர். ரஷ்ய நாட்டிய மங்கை லிடியா லோப்கோவாவை 1925 ஆகஸ்டில் மணந்தார். 1936இல் கேம்பிரிட்ஜில் கலை அரங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார்.

பணச் சந்தையிலும் பங்குச் சந்தையிலும் துணிந்து இறங்கியவர். 1920இல் ஏறக்குறைய திவாலாகும் நிலைக்குச் சென்று மீண்டார். 1929ஐ ஒட்டிய வீழ்ச்சியிலும் பெரும் பொருளை இழந்தார். மீண்டும் செல்வரானார். கிங்ஸ் கல்லூரியின் நிதிக்காப்பாளராக இருந்து அதன் நிதியைப் பன்மடங்காகப் பெருக்கினார். சந்தை எப்போதும் அறிவோடு நடந்துகொள்ளும் என்ற மயக்கம் அவருக்கு இல்லாமற் போனதற்கு, அங்கு அவர் பட்ட அடிகளும் ஒரு காரணம் எனலாம்.

பெருமந்தமும் பெருநூலும்

1929இல் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. ஐரோப்பாவுக்குக் கடனாக வந்துகொண்டிருந்த அமெரிக்கப் பணம் வற்றிப்போயிற்று. 1930இல் அமெரிக்கா சுங்க வரியை உயர்த்தி அயல்நாட்டுச் சரக்குகளுக்குக் கதவை அடைத்தது. 1931 மே திங்களில் வியன்னாவின் பெரிய வங்கியாகிய கிரெடிட்டான்ஸ்டால்ட் வீழ்ந்தது. நெருப்பு ஜெர்மனிக்குப் பரவி, இலண்டனைத் தொட்டது. 1931 செப்டம்பர் 21இல் பிரிட்டன் பொன் திட்டத்தைக் கைவிட்டது. கீன்ஸ் ஆறாண்டுகளுக்கு முன் சொன்னதை நாடு நெருக்கடியின் பிடியில் ஏற்றது.

தடையற்ற வாணிபத்தை 1923இல் ஆதரித்து எழுதிய கீன்ஸ், 1931 தொடக்கத்தில் இறக்குமதி வரி வேண்டுமென்றார். பொன் திட்டத்தைக் கைவிட்ட பின்னர் அவ்வரியின் தேவை குறைந்துவிட்டது என்றார். இதனால் அவரை நிலையற்றவர் என்று ஏசினர். உலகம் மாறும்போது மருந்தும் மாற வேண்டும் என்பதே அவர் நிலை. நோய் நீங்கினால் போதும். மருந்தின் பெயர் அவருக்குப் பெரிதன்று.

வேலையின்மை மலைபோல் வளர்ந்தது. பிரிட்டனில் அது 30 இலட்சத்தை நெருங்கிற்று. ஜெர்மனியில் 1932இல் 60 இலட்சத்தைத் தாண்டிற்று. அரசுகள் என்ன செய்தன? வருவாய் குறைந்துவிட்டதென்று செலவைக் குறைத்தன; வேலையற்றோர் உதவித்தொகையை வெட்டின. ஒரு குடும்பம் வருவாய் குறையும்போது செலவைச் சுருக்குவது அறிவுடைமை. நாட்டில் உள்ள எல்லாரும் ஒரே நேரத்தில் செலவைச் சுருக்கினால், ஒருவர் செலவு மற்றொருவர் வருவாய் அன்றோ? எல்லாருடைய வருவாயும் குறைந்து, மேலும் செலவு சுருங்கி, ஆலைகள் மூடப்படும். இந்தச் சுழலை அறிஞர் உலகிற்குத் தெளிவாக விளக்கியதே 1936 பிப்ரவரியில் வெளிவந்த வேலைவாய்ப்பு, வட்டி, பணம் பற்றிய அவரது பொதுக் கோட்பாடு.

கூலியைக் குறைத்தால் வேலை தானே பெருகும் என்று அதுவரை போதித்து வந்தனர். கீன்ஸ் அதனை மறுத்தார். பொருள்களை வாங்குவோர் இல்லையெனில் எவ்வளவு குறைந்த கூலிக்கும் எந்த முதலாளியும் ஆள் எடுக்கமாட்டான். தனியார் முதலீடு செய்ய அஞ்சும்போது அரசு கடன் வாங்கியேனும் சாலை, வீடு, மின்சாரம் என்று செலவு செய்ய வேண்டும்; அந்தப் பணம் கைமாறிக் கைமாறிப் பன்மடங்கு வருவாயை எழுப்பும் என்றார். நாம் பெருக்கி என்று படிப்பது இதனையே. நல்ல காலத்தில் அரசு சிக்கனமாக இருக்க வேண்டும் என்பதும் அவர் கொள்கையே. அப்பாதியைப் பிற்காலத்தார் பலர் வசதியாக மறந்துவிட்டனர்.

1933 ஜனவரியில் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டார். மருந்து எழுதப்படுமுன் நோய் முற்றிவிட்டது. 1937இல் கீன்ஸும் கடும் இதயநோய்க்கு ஆளானார். அதன்பின் வாழ்ந்த ஆண்டுகள் யாவும் மனைவியார் லிடியாவின் கண்ணுங்கருத்துமான பணிவிடையால் கிடைத்தவை.

பிரெட்டன் வுட்ஸ்

இரண்டாம் உலகப் போர் மூண்டதும் கீன்ஸ் நோயுடலோடு நிதித்துறைக்குத் திரும்பினார். போர்ச் செலவுக்கு நோட்டு அச்சடித்தால் விலை ஏறி ஏழைகள் நசுங்குவர் என்பதால், ஊதியத்தில் ஒரு பகுதியைக் கட்டாயச் சேமிப்பாகப் பிடித்துப் போருக்குப் பின் திருப்பித் தரும் திட்டத்தை 1940இல் வகுத்தார். 1941 வரவு செலவுத் திட்டத்தில் அவர் முத்திரை பதிந்தது. 1942இல் பிரபு பட்டம் பெற்றார்.

பழைய தவறு மீண்டும் நேராதிருக்க அவர் வகுத்த திட்டம் பன்னாட்டுத் தீர்வு ஒன்றியம் என்பதாகும். நாடுகளுக்கெல்லாம் பொதுவாகப் ‘பாங்கோர்’ என்ற கணக்குப் பணம் ஒன்று இருக்கும். கடன் மிகுந்த நாட்டைப் போலவே, விற்று விற்றுப் பணத்தைக் குவித்துக்கொண்டு வாங்க மறுக்கும் நாடும் கட்டணம் செலுத்த வேண்டும். சமன் குலைந்தால் இருவரும் பொறுப்பு. இதுவே அத்திட்டத்தின் உயிர்நாடி.

1944 ஜூலையில் அமெரிக்காவின் நியூஹாம்ப்ஷயர் மாநிலத்துப் பிரெட்டன் வுட்ஸில் 44 நாடுகளின் மாநாடு கூடிற்று. பன்னாட்டு நிதியமும் உலக வங்கியும் அங்கே உருவாயின. ஆனால் அன்று பணம் குவிந்திருந்த ஒரே நாடு அமெரிக்கா. தன் மீதே கட்டணம் விழும் திட்டத்தை அது ஏற்குமா? அமெரிக்க நிதித்துறையின் ஹாரி டெக்ஸ்டர் ஒயிட் வகுத்த திட்டமே பெரும்பாலும் நிலைத்தது. பாங்கோர் கைவிடப்பட்டு, டாலர் அரியணை ஏறிற்று.

அம்மாநாட்டில் இந்தியாவும் இடம்பெற்றது. ரிசர்வ் வங்கி ஆளுநர் சி. டி. தேஷ்முக், தொழில்துறை சார்ந்த ஏ. டி. ஷ்ராஃப் ஆகியோரோடு, கோவை தந்த ஆர். கே. சண்முகம் செட்டியாரும் குழுவில் இருந்தார். பின்னர் 1947இல் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை அளித்தவர் அவரே. போர்க்காலத்தில் நம் நாடு அளித்த பொருள்களுக்கும் பணிக்கும் ஈடாக இலண்டனில் ஸ்டெர்லிங் இருப்பு மலைபோல் சேர்ந்திருந்தது; போர் முடிவில் அது ஏறத்தாழ 130 கோடி பவுண்டு. அதற்கு ஈடாக இங்கே நோட்டுகள் அச்சாகி விலைவாசி ஏறிற்று. வயிற்றைக் கட்டிச் சேர்ந்த அந்தப் பணத்தில் ஒரு பகுதியையேனும் நிதியத்தின் வாயிலாக டாலராக மாற்ற வழிசெய்ய வேண்டுமென்று இந்தியப் பிரதிநிதிகள் வாதிட்டனர்.

பிரிட்டனின் சார்பில் மறுத்தவர் கீன்ஸ். அது இரு நாடுகள் தமக்குள் பேசித் தீர்க்க வேண்டிய கணக்கு என்றார். அவ்விருப்பில் ஒரு பகுதியை நாம் தள்ளிவிட வேண்டுமென்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. கடன் கொடுத்தவன் பொறுமை காட்ட வேண்டும் என்ற அவர் கொள்கைக்கு இஃது ஒத்ததே எனலாம். ஆயினும் பணக்கார அமெரிக்காவிடம் கேட்கும் பொறுமை வேறு; பஞ்சத்தில் அடிபட்ட இந்தியாவிடம் கேட்கும் பொறுமை வேறு. இவ்வேறுபாட்டை அவ்வளவு பெரிய அறிஞர் போதிய அளவு உணரவில்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. மேதையும் தன் நாட்டின் ஊழியனாக அமரும்போது அவன் பார்வைக்கு ஓர் எல்லை ஏற்பட்டுவிடுகிறது.

இறுதிக் கடன்

1945 ஆகஸ்டில் போர் முடிந்தது. அமெரிக்கா அளித்துவந்த போர்க்கால உதவி உடனே நிறுத்தப்பட்டது. பிரிட்டனின் கருவூலம் வறண்டிருந்தது. நன்கொடை கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு செப்டம்பரில் கீன்ஸ் வாஷிங்டன் சென்றார். மூன்று திங்கள் பேச்சுவார்த்தை. கிடைத்தது நன்கொடை அன்று, கடன். 375 கோடி டாலர், நூற்றுக்கு இரண்டு வட்டி, ஐம்பது தவணை. கடன் நடைமுறைக்கு வந்து ஓராண்டுக்குள் பவுண்டைத் தடையின்றி டாலராக மாற்றிக்கொள்ள விட வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்து வந்தது. 1919இல் தோற்றவனுக்காக வாதாடியவர், 1945இல் வென்றும் வறியதான தன் நாட்டிற்காகக் கைகட்டி நின்றார். பிரபுக்கள் சபையில் அவரே எழுந்து, வேறு வழியில்லை என்பதை உணர்த்தி அவ்வொப்பந்தத்தை ஏற்கச் செய்தார்.

1946 மார்ச்சில் அமெரிக்காவின் சவானா நகரில் பன்னாட்டு நிதியத்தின் தொடக்கக் கூட்டம். நிதியத்தின் அலுவலகம் அரசியல் நெருக்கடியில்லாத நியூயார்க்கில் அமைய வேண்டுமென்று அவர் விரும்பினார். வாஷிங்டனில்தான் என்று அமெரிக்கா முடிவு செய்தது. திரும்பும் வழியில் இரயிலில் இதயவலி கண்டது. ஊர் திரும்பிய அவர், 1946 ஏப்ரல் 21இல், ஈஸ்டர் ஞாயிறன்று, சசெக்ஸில் டில்டன் இல்லத்தில் உயிர் நீத்தார். முதிய பெற்றோர் இருவரும் உயிரோடிருக்க, மகன் முந்திக்கொண்டார்.

அவருக்குப் பின்

நிபந்தனைப்படி 1947 ஜூலை 15இல் பவுண்டு மாற்றத்தக்கதாக்கப்பட்டது. எல்லாரும் டாலர் கேட்டு வரிசையில் நின்றனர். ஐந்தே வாரங்களில், ஆகஸ்டு 20இல், அது நிறுத்தப்பட்டது. அதன்பின்தான் அமெரிக்கா மனம் மாறி, மார்ஷல் திட்டத்தின்கீழ் 1948 முதல் ஏறத்தாழ 1,300 கோடி டாலர் உதவியை மேற்கு ஐரோப்பாவுக்குப் பெரும்பாலும் நன்கொடையாகவே வழங்கியது. 1953இல் இலண்டனில் ஏற்பட்ட உடன்படிக்கையால் மேற்கு ஜெர்மனியின் பழங்கடனில் ஏறத்தாழப் பாதி தள்ளுபடியாயிற்று. 1957இல் உரோம் ஒப்பந்தம் ஐரோப்பியப் பொதுச் சந்தையை அமைத்தது. 1919இல் நகைப்புக்கிடமாகத் தோன்றிய யோசனைகள் இரண்டாம் போரின் இடிபாடுகளுக்கு இடையே அரசியல் ஞானமாயின.

1971இல் டாலருக்கும் பொன்னுக்கும் இருந்த பிணைப்பு அறுந்தது. 1973இல் எண்ணெய் விலை ஏறி, விலையேற்றமும் வேலையின்மையும் ஒருங்கே வாட்டியபோது, கீன்ஸின் மருந்து போதவில்லை என்று ஃபிரீட்மன் போன்றோர் எடுத்துக்காட்டினர். அக்குறைகூறலில் உண்மை உண்டு. பொருள் கிடைக்காத நோய்க்கும், வாங்குவோர் இல்லாத நோய்க்கும் ஒரே மருந்து ஆகாது.

ஆயினும் அவர் எழுப்பிய அடிப்படைக் கேள்வி சாகவில்லை. 1999இல் ஐரோப்பிய நாடுகள் பல யூரோ என்னும் பொதுப் பணத்தை ஏற்றன. 2008இன் நிதி நெருக்கடிக்குப் பின் 2010இல் கிரீஸ் கடனில் மூழ்கியது. சொந்தப் பணம் இல்லாததால் அதன் மதிப்பைக் குறைக்க அந்நாட்டிற்கு வழியில்லை. 1925இன் பொன் விலங்கைப் போன்றதொரு நிலை. கூலியையும் ஓய்வூதியத்தையும் வெட்டச் சொன்னார்கள். 2013இல் அங்கு உழைப்போரில் நூற்றுக்கு இருபத்தேழு பேருக்கு மேல் வேலையற்றிருந்தனர். கிரீஸிடம் கண்டிப்புக் காட்டிய நாடுகளுள் முன்னின்றது ஜெர்மனி. முதல் உலகப் போரின் ஈட்டுத்தொகையைச் சார்ந்த பழங்கடன் பத்திரங்களின் இறுதித் தவணையை அதே ஜெர்மனி செலுத்தி முடித்ததும் 2010 அக்டோபரில்தான். வரலாற்றின் விளையாட்டு இது. 2020இல் கொள்ளைநோய் தாக்கியபோதோ, ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் சேர்ந்து கடன் வாங்கி 75,000 கோடி யூரோ மீட்பு நிதியை அமைக்க இசைந்தன. பாடம் சிறிது ஏறியிருக்கிறது.

கீன்ஸ் பேசிப் பெற்ற அந்த அமெரிக்கக் கடனின் இறுதித் தவணையைப் பிரிட்டன் 2006 டிசம்பரில் செலுத்தியது. அவர் மறைந்து அறுபது ஆண்டுகள் கழித்து அக்கணக்கு முடிந்தது.

மாணவ நண்பர்களே! கடனைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று கீன்ஸ் ஒருபோதும் சொல்லவில்லை. தரக்கூடியதைக் கேள், உழைத்துத் தர வழிவிடு, அவன் சரக்கை வாங்க மறுத்துவிட்டு அவன் பணத்தைக் கேளாதே என்பதே அவர் கூறிய நெறியின் சாரம். நம் சிற்றூர்களில் ஏர்மாட்டை ஓட்டிச் சென்றுவிட்டு வட்டியைக் கேட்கும் கடன்காரனை எவரும் அறிவாளி என்று மதிப்பதில்லை. அந்த எளிய நீதியை நாடுகளின் கணக்கேட்டில் எழுத முயன்று, பாதி வென்று பாதி தோற்றவர் கீன்ஸ். அவர் விட்டுச் சென்ற பாதியை எழுதி முடிப்பது இனிவரும் பொருளியல் மாணவர்களின் கடமையாகும்.